மெல்போர்னிலிருந்து வந்த தம்பி

“தழும்பு எவன் புருவத்துல வேணும்னாலும் இருக்கும்” என்றாள் விட்டோர்யா. “அதுக்காக என் தம்பி ஆயிட முடியுமா?”

எதிரே உட்கார்ந்திருந்தவர் புருவத்திலிருந்து விரலை எடுத்துக்கொண்டார். பத்திரம் பதியும் நோட்டரி ஷிக்லூனா தன் மேசையில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவர்கள் உள்ளே வரும்போதுதான் ஜன்னலுக்கு வெளியே மாதா கோவில் மணி ஒன்பது அடித்தது. அதற்குள் அவருக்கு அலுத்துவிட்டது.

விஷயம் இதுதான். கோசோ தீவில் கோட்டை மதிலை ஒட்டி அப்பா விட்டுப்போன பழைய வீட்டில் விட்டோர்யா தனியாக இருக்கிறாள். பதினைந்து வயதில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய தம்பி விஸ்டினிடமிருந்து எட்டு வருடமாகக் கடிதம் இல்லை. இப்போது இந்த மனிதர் வந்து, நான்தான் விஸ்டின் என்கிறார்.

ஆமாம் என்று அவள் கையெழுத்துப் போட்டால் பாதி வீடு அவருக்கு. வீட்டை விற்க ஆளும் பார்த்து வைத்துவிட்டார். பிறகு அவள் சட்டிபானையோடு தெருவில்தான் நிற்க வேண்டும்.

“துருக்கிக்காரன் இந்த ஊரையே கப்பல்ல அள்ளிக்கிட்டுப் போனது எந்த வருஷம்?” என்று கேட்டாள்.

“ஆயிரத்து ஐநூத்து அம்பத்தொண்ணு. கிழடுகட்டைகளை மட்டும் விட்டுட்டுப் போனான்.”

“டூரிஸ்டுக்கு விக்கிற புஸ்தகத்துலயே இது இருக்கு.”

“மூணு வாரமா இதே பாட்டுதானாம்மா?” என்றார் நோட்டரி. “மனுஷன் கடல் தாண்டி வந்திருக்கார். இப்படியா போலீஸ்காரன் மாதிரி குடைவீங்க?”

ஊரும் அதைத்தான் சொன்னது. வீட்டுக்கு ஆசைப்பட்டு உடன்பிறந்தவனையே யாரென்று கேட்கிறாள் என்று, மீன் கடையில் அவள் காதுபடவே பேசினார்கள். அவளுக்கு வலித்தது. ஆனாலும் விடுவதாக இல்லை.

“பேச்சு நம்ம ஊர்ப் பேச்சா இல்லையே. வாலெட்டாப் பட்டணத்து வாடை அடிக்குது.”

“முப்பது வருஷம் ஆச்சுக்கா. மெல்போர்ன் துறைமுகத்துல ஒரே ரூம்ல நாலு பேர் கிடந்தோம், ஆளுக்கொரு ஊர். வேலை முடிஞ்சு வந்தா அவனவன் ஊர்க்கதைதான். பேச்சும் கலந்துபோச்சு.”

“சரி, இதைச் சொல்லுங்க. கடற்கரைச் சின்னக் கோவில் பின்சுவத்துல என்ன இருக்கு?”

“கப்பல்” என்றார். “ஆணியால நாமதான் கீறினோம். பாய்மரத்தை நீ கோணலாப் போட்டே. அப்பா என்னைத்தான் அடிச்சாரு. நான் உன்னைக் காட்டிக் குடுக்கலை.”

விட்டோர்யாவின் முகம் இளகிவிட்டது. இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. மூன்று வாரமாக அடக்கி வைத்திருந்த அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

“பாவிப் பயலே, ஒரு கடுதாசி போட உனக்கு என்னடா கேடு?” என்று அவர் தோளில் ஓர் அடி வைத்தாள். “சந்தேகப்பட்டுட்டேன்டா. மனசுல வெச்சுக்காதே.”

நோட்டரி பத்திரத்தை அவள் பக்கம் தள்ளினார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவள் பேனாவை வாங்கி, பெயரின் முதல் எழுத்தைப் போட்டாள்.

அவர் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார். கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்து, “அட, நின்னுபோச்சு” என்று சாவி கொடுத்தார். ஜன்னல் வழியே கோவிலின் இடது கோபுரத்துக் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்து, முள்ளைப் பதினொன்றே காலுக்குத் திருப்பிக்கொண்டார்.

விட்டோர்யாவின் பேனா நின்றது. நோட்டரியும் ஜன்னலைப் பார்த்தார். பிறகு பத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அந்தக் கடிகாரம் ஓடாதுங்க” என்றாள் அவள். “பூசை நேரம் தெரியாம பிசாசை ஏமாத்த, சும்மா வரைஞ்சு வெச்சது. இந்த ஊர்ல பொறந்தவன் வலது கோபுரத்துலதான் மணி பார்ப்பான்.”

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். அவள் அவருடைய சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“சொல்லுங்க, உங்ககூட அந்த ரூம்ல இருந்த என் தம்பி என்ன ஆனான்?”