கோர்ட்டுப் பூட்டு

மேல்கோர்ட் தீர்ப்பை மாற்றிவிட்டது. வீடு பூங்காவனத்துக்கே சொந்தம், கதவின் பூட்டைத் திறந்து அவளிடம் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு. அதை நிறைவேற்ற வந்த கோர்ட் ஊழியர், அமீனா தெய்வசிகாமணி, தெருவிலேயே நின்றுவிட்டார். வீடு இருந்த இடத்தில் செங்கல் தூளும் எருக்கஞ்செடியும்தான் கிடந்தன. கீழ்கோர்ட்டில் ஜெயித்தவன் அப்பீல் முடியும்வரை பொறுக்கவில்லை; இடித்துத் தள்ளியிருந்தான்.

ஆனாலும் உத்தரவில் உள்ளதை உள்ளபடி செய்தாக வேண்டும். முன்பு அவளை வெளியேற்றிவிட்டு அவர் மாட்டிய பூட்டு கோர்ட்டுச் சொத்து என்பதால் பத்திரமாக இருந்தது. அதை எடுத்து வந்திருந்தார். தலையாரி சாட்சியாக நிற்க, பூட்டை அந்தரத்தில் பிடித்துத் திறந்து, சாவியை அவளிடம் நீட்டினார்.

"இங்கதான சார் வாசப்படி இருந்துச்சு?" என்று பூங்காவனம் கேட்டாள்.

அவருக்கு மறக்குமா? படுத்த படுக்கையாக இருந்த அவள் புருஷனை அந்தப் படி வழியாகத்தான் கட்டிலோடு தெருவுக்குத் தூக்கிவரச் சொன்னார். அந்த மனுஷன் தெருவிலேயே போய்ச் சேர்ந்தார்.

"ஆமாம்மா, இங்கதான்."

அவள் செருப்பைக் கழற்றி வைத்தாள். நிலை தலையில் இடிக்காமல் குனிந்து உள்ளே போனாள். ஒரு மூலையில், யார் பக்கத்திலோ உட்காருவதுபோல் உட்கார்ந்தாள்.

"அவருக்கு வெயில் ஆகாது. கதவச் சாத்திட்டுப் போங்க சார்."

தலையாரி தலையைத் திருப்பிக்கொண்டான். தெய்வசிகாமணியின் கை கதவைத் தேடி மெல்ல நீண்டது.