ஐஸ் உருகிய நாள்

"ஊசி போட்டேன்னு அட்டையில எழுதிக் குடுத்தியே, உள்ள இன்னாத்த ஏத்தின? பச்சத் தண்ணியையா?"

துணை சுகாதார நிலையத்தின் வாசலில் நின்று ஞானம்மா கத்தினாள். அவளுடைய இரண்டு வயது மகள் ஜெபா, தட்டம்மை கண்டு ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள்.

பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் ஆலைக்குப் பின்னால் இருக்கிறது அவர்கள் தெரு. அங்கே ஆறு பிள்ளைகளுக்கு அம்மை. ஆறு பேருமே போன வருட முகாமில் ஊசி போட்டுக்கொண்டவர்கள்.

செவிலியர் சந்திரகலா எழுந்து நின்றாள்.

"என் தப்புதாம்மா. அன்னிக்குப் பெட்டியில ஐஸ் உருகிப்போச்சு. மருந்து கெட்டிருக்கும். நான் பாக்காம விட்டுட்டேன்."

"பாக்காம விட்டியா? ஒண்ணாந்தேதி சம்பளத்த மட்டும் கரெக்டா பாத்துக்கினியே!"

வசவு அவளைத் தாண்டி, அவளைப் பெற்றவள் வரை போயிற்று. யாரோ மண்ணை வாரி இறைத்தார்கள். சந்திரகலா முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"புதன்கிழமை புது மருந்து வருது. தெருவுல ஒரு புள்ள பாக்கியில்லாம கூட்டிக்கினு வாங்க."

"வருவோம். ஆனா நீ கை வெக்கக் கூடாது. டாக்டர்தான் போடணும்."

"சரிம்மா."

செவ்வாய்க்கிழமை டாக்டர் தணிகைவேல் அவளுடைய விளக்கக் கடிதத்தை மேசைமேல் போட்டார்.

"ஊருக்கு முன்னால ஐஸ் உருகிடுச்சு. கடிதத்துல உருகல. வேலைக்கு ஆபத்துன்னதும் பேச்சு மாறுதா?"

"கடிதத்துல இருக்கிறதுதான் சார் உண்மை. அதே பெட்டி மருந்தத்தான் அன்னிக்குப் பக்கத்து ஊரு எளாவூர்லயும் போட்டேன். அங்க ஒரு புள்ளைக்கும் அம்மை வரல. இந்த ஆறு பேர் ரத்தத்துலதான் ஈயம் ஏறியிருக்கு. ஈயம் ஏறின உடம்புல ஊசி சரியாப் பிடிக்காமப் போகலாம்னு நீங்கதானே சொன்னீங்க? ஆலை மேல புகாரும் அதுலயே எழுதியிருக்கேன், ரெண்டாம் பக்கம் பாருங்க."

டாக்டர் பக்கத்தைத் திருப்பினார். படித்தார். குரல் இறங்கியது.

"அப்புறம் எதுக்கும்மா அவங்ககிட்ட அப்படிச் சொன்னீங்க? மண்ணு வாரித் தூத்தினாங்களாமே?"

"தெருவுல இன்னும் முப்பத்தஞ்சு புள்ளைங்க இருக்கு சார். இன்னொரு தடவை போட்டா கொஞ்சம் பேருக்காவது பிடிக்கும்."

மறுநாளுக்கான பெயர்ப் பட்டியலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நர்ஸ் சரியில்லன்னா, வேற ஆள் போடட்டும்னு வருவாங்க. ஊசியே உடம்புல பிடிக்காதுன்னு தெரிஞ்சா, எங்கயும் வர மாட்டாங்க சார்."