தொய்ந்த கயிறு

அந்தக் காட்டில் மழை பிடித்தால் மரங்கள் நடக்கும். மரத்தின் மேல் கட்டிய வீடுகளும் கூடவே போகும். அதனால் எந்த ஊரும் போன வருஷம் இருந்த இடத்தில் இருப்பதில்லை. நஞ்சியின் மருதமரமும் அவள் அக்காவின் வேங்கைமரமும் ஒருகாலத்தில் கிளை உரசிக்கொண்டு நின்றவை. ஜன்னல் வழியாகவே குழம்புக் கிண்ணம் கைமாறும். நஞ்சியின் குழம்பை ஒரு வாய் ருசித்ததும், "உப்புக்கு என்னடி பஞ்சம்?" என்று அக்கா அங்கிருந்தே கத்துவாள். வேங்கை விலகத் தொடங்கியதும் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு கயிறு கட்டினார்கள். மழைக்கு மழை அதை முடிச்சுப் போட்டு நீட்டினார்கள். இப்போது அது ஆற்றைத் தாண்டி மூங்கில் புதருக்குள் போய் மறைகிறது. காலையில் நஞ்சி ஓர் இழுப்பு இழுப்பாள், அக்கா பதிலுக்கு இழுப்பாள். அவ்வளவுதான் பேச்சு.

இன்று இழுத்தபோது கயிறு தொய்ந்து கையோடு வந்தது.

"அறுந்துபோச்சு, விடு," என்றான் புருஷன் மசணன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

சுருட்டச் சுருட்டக் கயிறு வந்துகொண்டே இருந்தது. முனை வருவதற்குள் நஞ்சி நிறுத்திவிட்டாள்.

"மரம் கிட்ட வந்தாலும் தொய்யத்தானே செய்யும்?"

அடுப்படிக்குப் போய், கொதிக்கிற குழம்பில் வேண்டுமென்றே உப்பைக் குறைத்துப் போட்டாள்.