உப்பு தூக்கலாக

கணவனை அடக்கம் செய்த பிறகு அடுப்பைப் பற்றவைக்க மனமில்லாமல், தெருமுனைச் சாப்பாட்டுக் கடையின் மங்கிய விளக்குக்குக் கீழே அவள் உட்கார்ந்திருக்கிறாள். சாவுக்கு வந்திருந்த கடைக்காரர் ஈரத்துணியால் மேசையைத் துடைத்துவிட்டு, கேட்காமலே ரெண்டு முட்டையைப் பொரித்துக் கொண்டுவந்து வைக்கிறார். ஓரம் கருகியிருக்கிறது, எண்ணெயின் சத்தம் இன்னும் அடங்கவில்லை. "அண்ணன் தினம் சாயங்காலம் இதான் சாப்பிடுவாரு அக்கா. உப்பு தூக்கலா. வீட்ல சொல்லிடாதன்னு சிரிப்பாரு." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொள்கிறார். அவனுக்கு நெஞ்சுவலி வந்த நாளிலிருந்து வீட்டில் உப்பை ஒளித்துவைத்தவள் அவள். அவனுக்குத் துணையாகத் தானும் சப்பென்றே தின்றவள். முட்டையின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்த விரல்கள் நிற்கின்றன. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறாள். ருசியாக இருக்கிறது. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.