மூன்றாவது ஓலைக்கு முன்

“போனை இப்பிடி வை பிள்ள. பேனா மட்டும் கையில இருந்தா போதும்.”

ராகேல் டீச்சர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஜினிஷா போனை அணைத்து நீட்டினாள். அச்சடித்த வினாத்தாள் ஒன்று அவள் முன்னால் வந்து விழுந்தது.

அது பரீட்சைக்கூடம் அல்ல. மார்த்தாண்டத்தில் ஜினிஷாவின் அப்பா ஞானதாசனுடைய வீட்டின் முன்னறை. ராகேல் டீச்சர், ஜினிஷாவுக்கு மாமியாராக வரப்போகிறவர். பக்கத்து நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தவன் மாப்பிள்ளை சுபின்.

இரண்டு ஞாயிறுகளில் சபை முன்னால் கல்யாண ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசித்தாகிவிட்டது. மூன்றாவதும் கடைசியுமான ஓலை நாளை. அந்த நேரம் பார்த்துத்தான் மாப்பிள்ளை வீட்டார் வினாத்தாளோடு படியேறியிருந்தார்கள்.

“இதென்ன மரியாதை கெட்ட வேலை?” ஞானதாசனின் குரல் தெருவுக்குக் கேட்டது. “பெண்ணு பாக்க வந்தப்பம் இதைக் கேட்டியளா? ரெண்டு ஓலை வாசிச்ச பொறவா எனக்க மவளுக்குப் பரீட்சை?”

“கோவப்படாதீங்க அண்ணாச்சி,” என்றார் டீச்சர். “ஜினிஷா மாதிரி நர்ஸ் பிள்ளைக லண்டனுக்குப் போவணும்னா இங்கிலீஷ் பரீட்சை பாஸாகணும். அதுல ரீடிங்குலதான் எல்லாரும் விழுதது. வீட்ல வச்சு ஒண்ணு எழுதவச்சுப் பாத்திருவோம்னு வந்தேன். அவ போனாத்தானே, அவளுக்க விசாவுல இவன் போக முடியும்?”

“இவரு அங்க போயி என்ன செய்வாரு?”

“இவன் என்னத்துக்குச் செய்யணும்? அதான் அவ சம்பாதிப்பாளே.”

சுபின் வெட்கமில்லாமல் சிரித்தான். “எனக்கு இங்கிலீஷ் ஏறாது மாமா. எழுதி எழுதிப் பாத்து விட்டாச்சு.”

ஞானதாசனின் கழுத்து நரம்பு புடைத்தது. மூன்று தலைமுறையாகச் சபைக் கமிட்டியில் இருக்கும் குடும்பம். அந்த வீட்டுக்குள் வந்து, மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல் மகளைப் பார்க்கிறார்கள். அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

மனைவி நேசம்மாள் அவர் கையைப் பற்றினாள். “சபை முன்னால வாசிச்சாச்சு. வாக்கு குடுத்தாச்சு.”

“தெரியும். எங்க குடும்பத்துல குடுத்த வாக்கைத் திருப்பி எடுத்தவன் கிடையாது. எனக்க வாயில இருந்து வேண்டாம்னு ஒரு சொல் வராது.” அவர் டீச்சர் பக்கம் திரும்பினார். “இதுல இவ தோத்தா?”

“மூணாவது ஓலை வேண்டாம்னு இப்பமே போதகர்ட்ட சொல்லிருவோம்.”

“நீங்களே சொல்லுவீங்களா?”

“நாங்களேதான். எங்களுக்கென்ன பயம்?”

ஞானதாசன் உட்கார்ந்தார். மகளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார்.

“கேட்டியா மக்கா? ஒவ்வொரு வரியா நல்லா வாசிச்சு எழுது. நம்ம வீட்டு மானம் உனக்க கையிலதான் இருக்கு.”

“செரிப்பா.”

பழைய கோட்டை ஒன்றில் குடியிருக்கும் வௌவால்களைப் பற்றிய பத்தி அது. கீழே இருபது கேள்விகள். சிலவற்றில் சொல்லுக்குப் பொருள் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றவற்றில் பத்தியை வைத்து, சரியா தவறா என்று குறிக்க வேண்டும்.

ஒரு மணி நேரம் கொடுத்திருந்தார் டீச்சர். நேசம்மாள் கொண்டுவைத்த சாயா ஆறுவதற்குள் ஜினிஷா பேனாவை மூடிவிட்டாள்.

டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்தார். முதல் பதிலுக்கு ஒரு பெருக்கல் குறி. இரண்டாவதற்கும் அதே.

“ரிலக்டன்ட்னா மனசில்லாதன்னு அர்த்தம். இவ ‘ஆசையோட’ன்னு குறிச்சிருக்கா! பத்தாம் கிளாஸ் பிள்ளைக்குத் தெரியுமே இது!”

சுபின் எட்டிப் பார்த்துச் சிரித்தான். டீச்சரின் பேனா விறுவிறுவென்று இறங்கியது.

“வவ்வாலுக்குக் கண்ணு தெரியும்னு மொத வரியிலயே கிடக்கு. இவ தெரியாதுன்னு போட்டிருக்கா. வாசிச்சாளா, இல்ல கண்ணை மூடிக்கிட்டு எழுதினாளா?”

“டீச்சர், வார்த்தையை அளந்து பேசணும்!” ஞானதாசன் மேசையில் அடித்தார். சாயா தளும்பியது.

“என்னத்தை அளக்கது அண்ணாச்சி? இருபதுல ஒண்ணுகூட சரியில்ல! பூனைக்க கையில பேனாவைக் குடுத்தாலும் ரெண்டு மூணு தன்னால சரியாயிருக்கும். இவளை நம்பி எனக்க மவன் பெட்டி கெட்டவா?”

“எனக்க வீட்ல இருந்துகிட்டு எனக்க மவளைப் பூனைன்னு சொல்லுதியா?”

“சொன்னா என்ன? அவமானப்படுத்தினது நான் இல்ல, உங்க மவதான்.”

டீச்சர் அங்கேயே போதகருக்குப் போன் போட்டார். “ஐயா, நாளைக்கு எங்க ஓலை வாசிக்காண்டாம். இல்ல இல்ல, பெண்ணு வீட்ல ஒண்ணும் சொல்லல்ல. நாங்கதான் வேண்டாம்னு சொல்லுதோம். ஆமா, எங்க தீர்மானந்தான்.”

கார் கிளம்பிப் போனது. ஞானதாசன் வாசல்வரை போய் கேட்டை இழுத்து அடைத்த சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

நேசம்மாள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். “ஏட்டி, ஒண்ணுகூடவா தெரியல்ல? இனி நாலு பேரு முன்னால எப்பிடி நடக்கது?”

ஜினிஷா மேசையில் தளும்பிக் கிடந்த சாயாவைத் துடைத்தாள்.

ஞானதாசன் உள்ளே வந்தார். முகத்தில் சிவப்பு இன்னும் இறங்கவில்லை. மேசையில் கிடந்த வினாத்தாளை எடுத்து, சிவப்புப் பெருக்கல் குறிகள்மேல் விரலை வைத்து, முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்விவரை ஒன்றுவிடாமல் பார்த்தார். பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

“எங்கயாவது கைதவறி ஒண்ணைச் சரியாப் போட்டிருவியோன்னுதான் பயந்தேன் மக்கா.”