பட்டியலில் முதல் பெயர்

தலவாக்கலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், மாதர் சங்கப் பெண்களுக்குப் புத்தாக்கப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. புரொஜெக்டர் வெளிச்சத்தில் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார் அதிகாரி குகநேசன்.

"ஏன், எப்படி எண்டு கேக்கோணும். கையில கிடைக்கிறதை வைச்சுப் புதுசா ஏதாவது செய்து பாக்கோணும். உங்களிட்ட அந்த ஆர்வமே இல்லையே!"

பெண்கள் பணிவாகத் தலையாட்டினார்கள்.

கொழும்பில் நடக்கும் அடுத்த பயிற்சிக்கு ஒருவரைத்தான் அனுப்பலாம். அவர் சங்கம் கொடுத்த பெயர்ப் பட்டியலை எடுத்தார். "முதல் பேர் ஜீவராணி. ஆள் எங்கை?"

"ஓடையில நிக்கிறாங்க சேர்," என்றாள் சங்கத் தலைவி ஷாமிலா.

"நான் இஞ்ச தொண்டை கிழியக் கத்துறன், அவ அங்க தண்ணியில விளையாடுறாவோ?"

"அவங்க அங்க நின்னாத்தாங்க சேர்..."

"ஒண்டும் சொல்ல வேண்டாம்!" சிவப்புப் பேனையால் பெயரை வெட்டினார்.

பின்வரிசையில் ஒருத்தி மெல்ல எழுந்து வெளியே போனாள்.

ஐந்து நிமிடத்தில் புரொஜெக்டர் அணைந்தது. பல்பும் அணைந்தது.

"என்ன, கரண்ட் போயிட்டுதோ?"

"கரண்டு நேத்தே போயிருச்சுங்க சேர். மரம் விழுந்து கம்பி அறுந்து கெடக்கு."

"அப்ப இவ்வளவு நேரமும்?"

"சைக்கிள் ரிம்முல பால்மா டின்னுகளைக் கட்டி, ஓடைத் தண்ணியில சுத்தவிட்டு, பழைய மோட்டார்ல இருந்து ஜீவராணி அக்காதான் கரண்டு எடுத்துக் குடுத்தாங்க."

ஷாமிலா பட்டியலில் பெயரின் மேல் விழுந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தாள்.

"பேரை வெட்டினது காதுக்குப் போயிருச்சு போலங்க. விளையாட்டை நிறுத்திட்டாங்க."