திட்ட அதிகாரி

கைதட்டல் ஓய்வதற்குள் அவர் உட்கார்ந்துவிட்டார். நின்றுகொண்டே இருந்தால் கண் கலங்கியது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

சும்மாவா? சுகாதாரத் துறையில் பாதி ஆயுளை இதற்காகவே கரைத்திருந்தார்.

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பெரிய ஆஸ்பத்திரிகள் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறவர்கள் வருஷத்துக்கு வருஷம் பெருகிக்கொண்டே போகிறார்கள். அவர்கள் வலியில்லாமல் கண்மூடவாவது ஒரு வழி வேண்டாமா? இதைக் கேட்டுக்கொண்டு அவர் ஏறாத படி இல்லை, பிடிக்காத கால் இல்லை.

இன்றுதான் அவர் கேட்ட திட்டம் கனிந்தது. இனிமேல் சின்ன ஆஸ்பத்திரிகளிலும் கடும் வலியைத் தணிக்கிற மார்ஃபின் இருக்கும். வலிக்கிறவர்களை நர்ஸே வீடு தேடிப் போய்ப் பார்ப்பார்.

"மருந்து வந்துரும் சார். வீட்டுல உள்ளவங்க கொடுக்க விடணுமே?"

கடைசி வரிசையிலிருந்து கேட்டவர், நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அம்மாள்.

"படிக்காதவங்ககூடச் சொன்னா கேட்டுக்கிறாங்க. படிச்ச பிள்ளைங்கதான் வாசல்லயே மறிச்சுக்கிட்டு நிக்கிறாங்க!"

கூடமே சிரித்தது. அவரும் வாய்விட்டுச் சிரித்தார். கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டார்.

சட்டைப் பையில் செல்போன் அதிர்ந்தது. வீட்டு நம்பர். எழுந்து வராந்தாவுக்கு வந்தார்.

பேசியது மனைவி இல்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கும் அப்பாவைப் பார்க்கப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற நர்ஸ்.

"சார், அப்பாவால முடியல. தலகாணியக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கார். இப்பவாவது மார்ஃபின் கொடுக்கட்டுமா?"

போன வாரமும் அவள் இதையேதான் கேட்டாள். கொஞ்சம் பொறுக்கச் சொன்னவர் அவர்.

அப்பாவிடமும் சொல்லியிருந்தார். அது கடைசியில் கொடுக்கிற மருந்து, தொட்டால் அப்புறம் எழுந்திருக்கவே மாட்டீர்கள், பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள் என்று.

அதெல்லாம் வீண் பயம், நம்பாதீர்கள் என்று ஊர் ஊராகப் போய் விளக்கியவர். அப்பாவின் கட்டிலருகே நின்றபோது அதே பயம்தான் அவர் வாயிலும் வந்தது. அந்த மருந்தைக் கொடுப்பது அப்பாவை வழியனுப்பச் சம்மதிப்பதுபோல இருந்தது. அதற்கு மனசு வரவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மைக்கில் அவரைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"கொடுத்துடும்மா," என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. சற்று உரக்க மறுபடியும் சொன்னார்.

நர்ஸ் அவசரத்தில் போனை அணைக்க மறந்துவிட்டாள் போலிருக்கிறது. டம்ளரில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அப்புறம், குழந்தையிடம் கெஞ்சுவதுபோல அவள் குரல்.

"வாயைத் திறங்கப்பா. வலி குறைஞ்சிரும்."

ஒரு முனகல். மூச்சு வாங்கி வாங்கி அப்பா பேசினார்.

"வேண்டாம்மா... அவனுக்குத் தெரிஞ்சா திட்டுவான்."